குட்டியை அடிக்காதீங்க, கடிகாரத்தைப் பாருங்க!



சில வாரங்களுக்கு முன் இந்தப் பகுதியில் பூந்தமல்லியிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருந்தார். பிள்ளைகள் ஆசைப்பட்டார்களே என்று நாய்க்குட்டி வாங்கினாராம். அது ஹால், படுக்கையறை, சமையலறை என்று பார்க்காமல் வீடு முழுக்க அசுத்தம் செய்கிறதாம். அடித்தும் பார்த்துவிட்டாராம், திருந்தவில்லையாம். 'எங்காவது கொண்டுபோய் விட்டுவிடலாமா என்று இருக்கிறது' என்று முடித்திருந்தார். அடுத்த வாரமே இரண்டு பேர் பதில் எழுதினார்கள். ஒருவர், அசுத்தம் செய்த இடத்திலேயே அதன் மூக்கைத் தேய்த்து இரண்டு அடி போட்டால் மறுபடி செய்யாது என்றார். இன்னொருவர், நாயை வீட்டுக்குள் விட்டதே தப்பு என்றார். படித்துவிட்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. அந்த மூக்குத் தேய்க்கிற வைத்தியத்தை நானே செய்து பார்த்துப் பட்டவள்.

நாங்கள் திருமுல்லைவாயலில் இருக்கிறோம். இவருக்கு அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஷிப்ட் வேலை. போன வருடம் ஐப்பசியில், இவர் கம்பெனி கேன்டீன் பின்னால் தெருநாய் ஒன்று நாலு குட்டி போட்டது. மூன்று ஆண் குட்டிகளையும் ஆளுக்கு ஒன்றாக எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். பெட்டைக் குட்டியை யாரும் சீந்தவில்லை. (நாயிலுமா என்று எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுதினால் பக்கம் போதாது.) இவர் ஒரு நாள் ராத்திரி அதை டிபன் பையில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். நாற்பத்தைந்து நாள் குட்டி. மகளும் மகனும் குதித்தார்கள். சிட்டு என்று பெயர் வைத்தார்கள். என்னை ஒரு வார்த்தை யாரும் கேட்கவில்லை.

இதை முதலில் சொல்லிவிடுகிறேன். குட்டி வேண்டும் என்று கேட்பது பிள்ளைகள். கொண்டுவருவது வீட்டுக்காரர். துடைப்பது யார்? குட்டி வரும் முன்பே இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டால் பாதிப் பிரச்னை தீர்ந்துவிடும். எங்கள் வீட்டில் யாரும் கேட்கவும் இல்லை, சொல்லவும் இல்லை. அதனால் முதல் மாதம் முழுக்க ஒரு கையில் துடைப்பத்தையும் இன்னொரு கையில் பினாயிலையும் வைத்துக்கொண்டு நின்றேன்.

அது மழைக்காலம். கொல்லைப்புறம் சேறு. குட்டியை வெளியே விட்டால் நடுங்கிக்கொண்டு காலடிக்கே ஓடி வரும். 'சரி, மழை விடட்டும்' என்று உள்ளேயே விட்டுவிட்டோம். இரண்டு வாரத்தில் அது படித்த பாடம் என்ன தெரியுமா? வீட்டுக்குள் இருக்கும் மொசைக் தரைதான் ஒன்றுக்குப் போகிற இடம். அதைச் சொல்லிக் கொடுத்தது நாங்கள்தான். பிறகு அதே தரையில் போனதற்காக அடித்ததும் நாங்கள்தான்.

அடித்தேன். மறைக்க என்ன இருக்கிறது. ஒரு நாள் காலை, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புகிற அவசரத்தில், பூஜையறை வாசலிலேயே போய் வைத்திருந்தது. எப்போது போனது என்றே தெரியாது. குட்டியைத் தேடிப் பிடித்து இழுத்து வந்து, மூக்கைத் தரையில் தேய்த்து, விளக்குமாற்றால் இரண்டு போட்டேன். அது கத்திய கத்தில் எதிர் வீட்டு அக்கா ஓடி வந்துவிட்டார். அன்றிலிருந்து சிட்டு ஹாலில் போகவில்லை. எனக்கு ஒரே பெருமை, புத்தி வந்துவிட்டது என்று. நாலு நாள் கழித்துக் கட்டிலுக்கு அடியில் கைவிட்டுப் பார்த்தால், நாலு நாள் கணக்கும் அங்கே இருக்கிறது. குட்டி கற்றுக்கொண்டது 'வீட்டுக்குள் போகக் கூடாது' என்பதை அல்ல. 'இந்த அம்மா கண்ணில் படுகிற மாதிரி போகக் கூடாது' என்பதைத்தான். அதைவிடக் கொடுமை, அதன் பிறகு கொல்லைக்குக் கூட்டிப் போனாலும் நான் பக்கத்தில் நின்றால் போகாது. உள்ளே வந்து ஒளிந்துகொண்டு போகும். ஒரு விளக்குமாற்று அடி என்னை ஒரு மாதம் பின்னுக்குத் தள்ளிவிட்டது.

இதில் ஒன்றும் அதிசயமில்லை என்று பிற்பாடு புரிந்தது. ரஷ்யாவில் பாவ்லோவ் என்ற விஞ்ஞானி (செரிமானம் பற்றிய ஆராய்ச்சிக்காக 1904-இல் நோபல் பரிசு வாங்கியவர்) நாய்களை வைத்துச் செய்த சோதனையை என் மகள் பாடப் புத்தகத்தில் படித்துக் காட்டினாள். சாப்பாட்டுக்கு முன் ஒரு சத்தத்தைக் கேட்கவைத்துக் கேட்கவைத்து, கடைசியில் அந்தச் சத்தத்துக்கே நாய்க்கு எச்சில் ஊறியதாம். இரண்டும் அடுத்தடுத்து நடந்ததால்தான் அதன் மனதில் ஒட்டிக்கொண்டது. குட்டி போன நேரம் ஆறு மணி, அடி விழுந்த நேரம் ஏழு மணி என்றால் அது எதை எதோடு சேர்க்கும்? அம்மா வந்தால் அடி விழும் என்று மட்டும்தான் சேர்க்கும். 'தப்பு செஞ்சது அதுக்கே தெரியுது பாரு, முழிக்கிற முழியைப் பாரு' என்று நாம் சொல்வோமே, அது குற்ற உணர்ச்சி இல்லை. நம் முகத்தைப் பார்த்து வந்த பயம்.

கார்த்திகையில் ஒரு ராத்திரி இது உச்சத்துக்குப் போயிற்று. அத்தையின் பாயில், அவர் படுக்கப் போகிற நேரத்தில், சிட்டு ஈரம் செய்துவிட்டது. அத்தை ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து போய் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். அதுதான் இவருக்குத் தாங்கவில்லை. "நாளைக்கு அம்பத்தூர் ஏரிக்கரையில விட்டுட்டு வந்துடறேன்" என்றார். மகன் அழ ஆரம்பித்துவிட்டான். கொண்டுவரும்போது என்னைக் கேட்கவில்லை, விடும்போதும் என்னைக் கேட்கவில்லை. எனக்கு எங்கிருந்து வேகம் வந்ததோ, "ஒரு மாசம் குடுங்க, அப்புறம் பேசுங்க" என்றேன்.

ஏரிக்கரையில் விடுவது என்பது பேச்சுக்குச் சுலபம். பழக்கப்பட்ட நாய்கள் தங்கள் எல்லைக்குள் புதுக் குட்டியை விடாது. வீட்டுச் சோறு தின்றதற்குக் குப்பையில் தேடத் தெரியாது. நம் அம்பத்தூர், ஆவடி சாலைகளில் லாரி ஓடுகிற ஓட்டம் உங்களுக்கே தெரியும். பட்டினி கிடந்து துன்பப்படும் நிலையில் நியாயமான காரணமில்லாமல் ஒரு பிராணியைக் கைவிடுவது 1960-ஆம் வருட மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். இந்தச் சட்டம் வரக் காரணமாக இருந்தவர் நம் சென்னையில் வாழ்ந்த ஒரு பெண்மணி. கலாக்ஷேத்ராவைத் தொடங்கிய ருக்மிணி தேவி அருண்டேல்தான். 1952-இல் ராஜ்யசபைக்கு நியமனம் ஆன அவர், தனி மசோதாவாகக் கொண்டுவந்தார். அதன் பின்தான் அரசே சட்டம் கொண்டுவந்தது. 1962-இல் அமைந்த பிராணிகள் நல வாரியத்துக்கு முதல் தலைவரும் அவரே. நாட்டியத்துக்காக அவரை அறிந்த நமக்கு இது பெரும்பாலும் தெரிவதில்லை. அன்று சட்டத்தில் முதல் குற்றத்துக்கு வைத்த அபராதம் 50 ரூபாய் வரை. அந்தக் காலத்தில் அது பணம்!

மறுநாள் குட்டியை எங்கள் பக்கத்துக் கால்நடை மருத்துவரிடம் காட்டினேன். (தொலைவானாலும் பரவாயில்லை என்பவர்களுக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. 1903-இல் தொடங்கிய கல்லூரி அது.) டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "குட்டிக்கு என்ன வயசு?" இரண்டாவது, "எத்தனை மணிக்கு என்ன குடுக்கறீங்க?" இரண்டுக்கும் நான் விழித்தேன். அவர் சொன்ன கணக்கு இதுதான். குட்டியின் வயதை மாதத்தில் எடுத்துக்கொண்டு அதோடு ஒன்றைக் கூட்டினால், அத்தனை மணி நேரம்தான் பகலில் அதிகபட்சம் அடக்க முடியும். இரண்டு மாதக் குட்டி என்றால் மூன்று மணி நேரம். அதுவும் சும்மா படுத்திருந்தால். விளையாடினால், சாப்பிட்டால், தண்ணீர் குடித்தால் அதுவும் கிடையாது. நாலிலிருந்து ஆறு மாதம் ஆகும்போதுதான் அடக்குகிற சக்தியே சரியாக வருகிறது. சிலதுக்கு ஒரு வருடம்கூட ஆகலாம். நம் பிள்ளைகள் இரண்டு வயது வரை பாவாடையை நனைத்ததற்கு நாம் மூக்கையா தேய்த்தோம்?

வீட்டுக்கு வந்ததும் பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்களை எடுத்தேன். சிட்டு எப்போது சாப்பிட்டது, எப்போது தூங்கி எழுந்தது, எப்போது போனது என்று ஒரு வாரம் குறித்தேன். பார்த்தால் ரயில்வே டைம் டேபிள் மாதிரி இருக்கிறது! தூக்கம் கலைந்த உடனே ஒரு முறை. சாப்பிட்டுப் பத்து, பதினைந்து நிமிடத்தில் ஒரு முறை. பிள்ளைகளோடு விளையாடும்போது நடுவில் சட்டென்று நின்று, தரையை மோந்துகொண்டே வட்டம் அடிக்கும், அப்போது ஒரு முறை. பத்தில் எட்டு தடவை இந்த மூன்றில் ஒன்றுதான். இத்தனை நாள் அது சொல்லிக்கொண்டேதான் இருந்திருக்கிறது, எனக்குத்தான் காது இல்லை.

அந்த நேரங்களில் கொல்லைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். முருங்கை மரத்தடியில் ஒரே மூலை. உங்கள் நாளிதழைத்தான் வீட்டுக்குள் விரித்திருந்தேன், ஆசிரியர் கோபித்துக்கொள்ள வேண்டாம். அது நனைந்த தாளை எடுத்துப் போய் அந்த மூலையில் ஒரு கல்லை வைத்துப் போட்டேன். மோப்பம் பிடித்ததும் புரிந்துகொண்டது. போகும்போது பேசக் கூடாது. முடித்த அந்த நொடியில், அங்கேயே, 'சபாஷ் கண்ணு' என்று ஒரு துண்டு இட்லி. உள்ளே வந்து டப்பாவைத் திறந்து கொடுத்தால், உள்ளே வந்ததற்குத்தான் பரிசு என்று நினைத்துக்கொள்ளும். நான் இடுப்பில் இட்லித் துண்டு முடிந்துகொண்டு, மரத்தடியில் நாய்க்குட்டியைக் கெஞ்சிக்கொண்டு நிற்பதைப் பார்த்து எதிர் வீட்டு அக்கா சிரிக்காத நாள் இல்லை.

சமைக்கும்போது என்ன செய்வது? அதன் கயிற்றை என் இடுப்பிலேயே முடிந்துகொண்டேன். அடுப்படியில் எங்கே போனாலும் அதுவும் வரும். கண்ணில் படாமல் தனியே போய்ச் செய்ய வழியில்லை. வட்டம் அடித்தால் கயிறு காலில் சுற்றும், எனக்குத் தெரிந்துவிடும். கொதிக்கிற எண்ணெய், குழம்பு இறக்குகிற நேரத்தில் மட்டும் கழற்றி வாசற்கம்பியில் கட்டிவிடுங்கள். ஒரு தடவை கயிறு தடுக்கி நான் ரசத்தோடு விழப் போனேன்.

இன்னொரு பெரிய தப்பு பால். 'குட்டியாச்சே, பால் குடிக்கட்டும்' என்று காலையும் மாலையும் ஒரு டம்ளர் பசும்பால் ஊற்றினேன். நிறையக் குட்டிகளுக்கு அது ஜீரணமாவதில்லை, வயிறு கழியும். கழிகிற வயிற்றை எந்தக் குட்டி அடக்கும்? பாலை நிறுத்தி, பூச்சி மருந்து கொடுத்து, குழைந்த சோற்றில் வேகவைத்த முட்டையைப் பிசைந்து நேரம் தவறாமல் கொடுத்தபின் 'இரண்டுக்கு' கெட்டியானது, நேரத்துக்கும் வந்தது. நாள் முழுக்கக் கிண்ணத்தில் சோறு இருக்கக் கூடாது. ராத்திரிச் சாப்பாடு ஏழு மணிக்குள். ஆனால் ஒன்றுக்குப் போகிறதே என்று தண்ணீரை நிறுத்திவிடாதீர்கள், நம் ஊர் வெயிலுக்கு அது பாவம் மட்டுமல்ல, ஆபத்து.

பினாயில் விஷயத்தைச் சொல்லியே ஆக வேண்டும். பினாயில் போட்டுத் துடைத்தால் நமக்கு வாசம் போய்விடுகிறது. நாயின் மூக்குக்குப் போவதில்லை. தன் பழைய இடம் எது என்று அதற்கு நன்றாகத் தெரியும். போதாததற்குப் பினாயில் தரையை நக்கினால் அதன் உடம்புக்கும் கெடுதல். முதலில் பழைய துணியால் ஈரத்தை ஒற்றி எடுத்துவிட வேண்டும். பிறகு சோப்புத் தூள் தண்ணீர், அதன்பின் நல்ல தண்ணீர், காய்ந்ததும் சமையல் சோடாவைத் தூவி வைத்து ஒரு மணி நேரம் கழித்துப் பெருக்க வேண்டும். வினிகர் நல்லதுதான், மொசைக், மார்பிள் தரையில் வேண்டாம், பளபளப்பு போய்விடும். இப்போது செல்லப் பிராணிக் கடைகளில் இதற்கென்றே நொதி கலந்த திரவம் கிடைக்கிறது. அம்மோனியா உள்ள எதையும் தொடாதீர்கள், மூத்திர நாற்றம் மாதிரியே இருப்பதால் 'இங்கே வா' என்று வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பது போல ஆகிவிடும். அவசரத்தில் பிளீச்சிங் பவுடரையும் ஆசிட்டையும் சேர்த்து ஊற்றுகிற சகோதரிகள் இருக்கிறார்கள். அதிலிருந்து வருவது விஷ வாயு, நாய்க்கு அல்ல, நமக்கே.

இவரோடு ஒரு தனிக் கதை. இவருடைய பைக் சத்தம் கேட்டால் போதும், சிட்டு ஓடிப் போய் இவர் காலடியிலேயே மல்லாந்து நனைத்துவிடும். இவர் கத்துவார். கத்தக் கத்த இன்னும் நனைக்கும். வேண்டுமென்றே செய்கிறது என்றார். டாக்டர் சொன்னது, அது பயமும் பணிவும் கலந்து தானாக வருவது, குட்டியின் கையில் இல்லை. இவர் உள்ளே வந்ததும் அதைப் பார்க்காமல், பேசாமல் நேரே கொல்லைக்கு நடந்து, அங்கே குனிந்து உட்கார்ந்து கூப்பிட வேண்டும் என்று ஏற்பாடு. முணுமுணுத்துக்கொண்டே செய்தார். இதில் எனக்கு ஒரு லாபம். செகண்ட் ஷிப்ட் முடிந்து இவர் வருகிற நடுராத்திரியில் குட்டி கொல்லைக்குப் போகிற வேலை இவர் தலையில் விழுந்தது! ராத்திரி அவர், விடியற்காலை ஸ்டேஷன் பக்கம் முதல் ரயில் சத்தம் கேட்கும்போது நான், பள்ளி விட்டு வந்ததும் மகன். மழை நாளுக்கு, தகரக் கூரைக்கு அடியில் பழைய பிளாஸ்டிக் டப்பில் மணல். மாடி வீட்டில், பிளாட்டில் இருப்பவர்களுக்கும் பால்கனியிலோ மொட்டை மாடியிலோ இந்த மணல் டப் உதவும்.

தெருவுக்குக் கூட்டிப் போய்ப் பழக்கலாமே என்று கேட்பார்கள். தடுப்பூசிகள் முடியும் வரை வேண்டாம். மற்ற நாய்கள் போன இடத்திலிருந்து பார்வோ என்ற வயிற்றுப்போக்கு நோய் ஒட்டிக்கொள்ளும், நிறையக் குட்டிகள் அதில் போய்விடுகின்றன. வெறிநாய்க்கடித் தடுப்பூசி மூன்று மாதத்தில் கட்டாயம். பெரிதான பின் தெருவுக்குக் கொண்டுபோகிறவர்களிடம் எனக்கு ஒரு சண்டை இருக்கிறது. நம் வீட்டுத் தரை சுத்தமாக இருக்க வேண்டும், அதற்காக விடியற்காலையில் அடுத்த வீட்டுக் கோலத்தின் மேல் உட்காரவைப்பதா? கையில் பழைய பேப்பரும் ஒரு கவரும் எடுத்துப் போனால் என்ன குறைந்துவிடும்? நாய் வளர்க்கிறவர்களை ஊர் திட்டுவதில் பாதி இதனால்தான். கொல்லையில் போனதையும் தினமும் அள்ளிப் புதைத்துவிட வேண்டும், அதிலிருந்து வரும் கொக்கிப்புழு பிள்ளைகளின் வெறுங்காலில் ஏறும்.

ஒரு மாதக் கெடு முடிந்தபோது சிட்டு முழுக்கத் திருந்திவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். முதல் வாரம் தினமும் ஐந்தாறு முறை துடைத்தது, நாலாவது வாரம் ஒன்று இரண்டாகக் குறைந்தது. இவர் கெடுவைப் பற்றிப் பேசவே இல்லை. தை பிறந்ததும் வெயிலும் வந்தது, கொல்லையும் காய்ந்தது, வேகமாகப் பிடித்துக்கொண்டது. பொங்கலுக்கு ஊரிலிருந்து உறவினர் வந்த இரண்டு நாள் மட்டும் மறுபடி பழைய கதை. வீட்டில் கூட்டம் என்றால் குட்டிக்கும் குழப்பம்தான். திட்டாமல் மறுபடி நோட்டை எடுத்து முதல் வாரம் மாதிரியே ஆரம்பித்தேன், நாலு நாளில் சரியாயிற்று. நன்றாகப் பழகிய நாய் திடீரென்று அடிக்கடி சொட்டுச் சொட்டாகப் போனாலோ ரத்தம் கலந்து வந்தாலோ அது பழக்கக் குறைவு இல்லை, நோய். அன்றே டாக்டரிடம் போய்விடுங்கள்.

இப்போது சிட்டுக்கு வேண்டும் என்றால் பின்கதவை மூக்கால் இடிக்கிறது. பகலில் நான் எழுந்திருக்கும் முன் அத்தையே போய்த் திறந்துவிடுகிறார். பாயை நனைத்ததை அவர் மறக்கவில்லை, வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லிக் காட்டுகிறார். ஆனால் இட்லி அவிக்கிற அன்று முதல் ஈட்டில் ஒன்றை எடுத்துத் தனியே மூடி வைப்பதும் அவர்தான்.

பூந்தமல்லி சகோதரிக்கு ஒன்று. குட்டிக்கு என்ன வயது என்று நீங்கள் எழுதவில்லை. நாலு மாதத்துக்கு உட்பட்டது என்றால், தயவுசெய்து எங்கும் கொண்டுபோய் விடாதீர்கள். ஒரு நோட்டு எடுத்து ஒரு வாரம் மட்டும் நேரம் குறித்துப் பாருங்கள். அதன் பிறகும் முடியவில்லை என்றால், வளர்க்கத் தெரிந்த ஒரு வீடாகப் பார்த்து, தடுப்பூசி அட்டையோடு கையில் கொடுங்கள். நோட்டில் என்ன வந்தது என்று இந்தப் பகுதிக்கே எழுதுங்கள். நானும் எதிர் வீட்டு அக்காவும் காத்திருப்போம்.

- ஒரு வாசகி, திருமுல்லைவாயல்.